ரோமானிய நீர்க்கால்வாயைத் தேடி நடக்க: நீமா, கொலோனா?

ரோமானியர் ஒரு நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயை ஊற்றிலிருந்து கடைசி வரை தேடிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது இரண்டு இடங்கள். ஒன்று தெற்கு பிரான்சின் நீம். இன்னொன்று ஐஃபெல் மலையிலிருந்து தண்ணீர் வாங்கிய ஜெர்மனியின் கொலோன். இரண்டும் கி.பி. முதல் நூற்றாண்டு வேலை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு கொலோனுக்கு.

நீமில் என்ன கிடைக்கும் என்று முதலில் பார்ப்போம். எல்லோருக்கும் தெரிந்த போன் து கார் பாலம் அந்தக் கால்வாயில் ஒரு துண்டுதான். மூன்று அடுக்கு, ஏறத்தாழ 49 மீட்டர் உயரம். நேரில் நின்றால் பேச்சு வராது. ஆனால் என்னைக் கட்டிப்போடுவது கால்வாயின் வாட்டம், அதாவது சரிவு. உசேஸ் ஊர் அருகிலுள்ள ஊற்றிலிருந்து நீம் வரை நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர்தான். இடையில் மலை நிற்பதால் கால்வாய் சுற்றிச் சுற்றி 50 கிலோமீட்டர் போகிறது. அவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் சுமார் 12.6 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 சென்டிமீட்டர். கொத்தனார் வேலை தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும். எங்காவது மட்டம் கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் தேங்கிவிடும்.

பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வேர் என்ற கிராமத்தைச் சுற்றி இடிந்த வளைவுகள் நிற்கின்றன. செர்னாக் பக்கம் பாறையைக் குடைந்த சுரங்கங்களில் உளித் தடங்கள் இன்னும் தெரிகின்றன.

கொலோன் கால்வாய் வேறு ரகம். நீளம் சுமார் 95 கிலோமீட்டர். கண்ணைப் பறிக்கும் பாலம் எதுவும் மிச்சமில்லை. குளிரில் தண்ணீர் உறையக்கூடாது என்று பெரும்பகுதியை மண்ணுக்கடியில் புதைத்துவிட்டார்கள். அதனால் நிஜமாகவே தேட வேண்டும், அதில்தான் சுகம். கால்வாயை ஒட்டியே நடைபாதை போட்டு, எச்சங்கள் இருக்கும் இடங்களில் விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். கல்முட் ஊரில் ஒரு ஊற்றுத் தொட்டி இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். அதன் அடி வரிசைக் கற்களைச் சாந்து வைக்காமலே அடுக்கியிருக்கிறார்கள். மலைத் தண்ணீர் இடுக்குகள் வழியாக உள்ளே கசியட்டும் என்றுதான் அப்படி. மேலே போகப் போகச் சாந்து வைத்த சுவர். கால்வாய் வெட்டுமுகம் தெரியும் இடங்களில், செங்கல்தூள் கலந்த சிவந்த பூச்சையும் பார்க்கலாம்.

அப்புறம் சுண்ணாம்புப் படிவு. இரண்டு ஊர்த் தண்ணீரும் கடினத் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே சங்கதிதான். நீமில் இந்தப் படிவு கால்வாயின் இரு பக்கமும் ஏறி வழியையே குறுக்கிவிட்டது. ஐஃபெலில் சில இடங்களில் 30 சென்டிமீட்டர் கனம் வரை இறுகியிருந்தது. இடைக்காலத்தில் அதைப் பெயர்த்து, மெருகேற்றி, பளிங்கு மாதிரி தேவாலயத் தூண்களுக்குப் பயன்படுத்தினார்கள். அந்தக் கல் டென்மார்க்கின் ரோஸ்கில்டே வரை போயிருக்கிறது! கால்வாய் பல இடங்களில் காணாமல் போனதற்கும் இந்தக் கல் வேட்டை ஒரு காரணம். ஆக, ஐஃபெல் பக்கத்துப் பழைய தேவாலயத்துக்குள் நுழைந்து பட்டை பட்டையாகப் பழுப்பு ரேகை ஓடும் தூண் இருக்கிறதா என்று பார்ப்பதும் தேடலில் சேர்த்திதான். நீமில் இந்த அனுபவம் இந்த அளவுக்குக் கிடைக்காது.

ஒரே ஒரு விஷயத்தில் நீமை அடிக்க முடியாது: கால்வாய் முடியும் இடம். 1844இல் கண்டுபிடித்த வட்டத் தொட்டி நகருக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் வந்து விழும் வாயும், ஊருக்குப் பிரித்துவிட்ட ஈயக் குழாய்களுக்கான வட்டத் துளைகளும் அப்படியே தெரியும்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்கள், ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், சரி, நீமுக்கே போங்கள். காலையில் பாலம், சாயங்காலம் இந்தத் தொட்டி. நான்கைந்து நாள் நடக்கத் தயார் என்றால் ஐஃபெலில் நெட்டர்ஸ்ஹைம் பக்கத்து ஊற்றிலிருந்து தொடங்குங்கள்.