இன்ஸ்டன்ட் பாட் டுவோ: சோற்றுக்கு வேண்டாம், பருப்புக்கும் பயறுக்கும் வாங்குங்கள்

அமெரிக்காவில் தனியாகத் தங்கி வேலை பார்ப்பவரின் வார நாள் இரவுச் சாப்பாட்டில் பெரும்பாலும் சோறு இருக்கும், தயிர் இருக்கும், ஊறுகாய் இருக்கும், போனால் போகிறதென்று உருளைக்கிழங்கு வறுவல் இருக்கும். பருப்பும் பயறும் கீரையும்தான் விட்டுப்போகும். ஏழு மணிக்கு வீடு திரும்பியபின் கொண்டைக்கடலையை வேகவைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? வாடகை வீடுகளில் இருக்கும் மின்சாரச் சுருள் அடுப்பும் ஒத்துழைக்காது. தீயைக் குறைத்த பிறகும் அது வெகுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். குக்கர் விசில் மேல் விசில் அடித்து அடி பிடித்துவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்க இன்ஸ்டன்ட் பாட் என்னும் மின்சாரப் பிரஷர் குக்கர் நல்ல சாதனம். வெறும் சோறு வடிக்கத்தான் என்றால் இருபது டாலர் ரைஸ் குக்கரே போதும், இன்ஸ்டன்ட் பாட்டுக்குச் செலவழிக்க வேண்டாம்.

இதன் டுவோ வரிசையில் 3, 6, 8 குவார்ட் என்று மூன்று அளவுகள் உண்டு. ஆள் ஒருவர்தானே என்று 3 குவார்ட் வாங்குகிறார்கள். எங்கள் தேர்வு 6 குவார்ட், அதாவது சுமார் 5.7 லிட்டர், 1000 வாட்ஸ். இட்லித் தட்டு அதில் அடங்கும். பருப்புக்கு மேல் ஏழு அங்குல எவர்சில்வர் பாத்திரம் வைத்துச் சோறும் ஒரே நேரத்தில் வேகவைக்கலாம். ஆனால் பெரிய பானைக்குத் தண்ணீரும் கூடுதலாக வேண்டும்: 6 குவார்ட்டுக்குக் குறைந்தது 375 மில்லிலிட்டர், 3 குவார்ட்டுக்கு 250. இது இல்லாவிட்டால் ஆவி கட்டாது. மேல் வரம்பும் உண்டு. சாதாரணச் சமையலுக்கு மூன்றில் இரண்டு பங்கு, பருப்பு, பயறு, அரிசி போல் பொங்கி உப்புபவற்றுக்குப் பாதிப் பானை. அதைத் தாண்டினால் நுரை மூடியிலுள்ள ஆவி வால்வில் ஏறி அடைத்துக்கொள்ளும்.

வாங்கிய முதல் வாரத்தில் பலரும் குழம்புவது விசில் கணக்கில். இதில் விசிலே கிடையாது. அடுப்புக் குக்கர் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்ட் அழுத்தத்தில் வேலை செய்யும். இது ‘ஹை’யில் வைத்தாலும் 10.2 முதல் 11.6 வரைதான். அதனால் உள்ளே சூடும் சில டிகிரி குறைவு, வேக நேரமும் சற்றுக் கூடும். திரையில் தெரியும் நிமிடங்கள் ஆவி கட்டிய பிறகே ஓடத் தொடங்கும். ஆவி கட்ட ஏறத்தாழ 10 நிமிடம், வேக 10, தானாக அடங்க 10 என்று பருப்புக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ‘பத்தே நிமிடத்தில் சாம்பார்’ என்பதை நம்பி மாவைக் கரைத்துக்கொண்டு தோசைக்கல் முன்னால் நிற்காதீர்கள். நேரம் குறையாவிட்டாலும் பக்கத்தில் நிற்கும் வேலை இல்லை. குளித்துவிட்டு வரலாம், நடந்துவிட்டு வரலாம்.

இனி அளவுகள். கப் என்பது 240 மில்லிலிட்டர். பெட்டியோடு பிளாஸ்டிக் அளவுக் கப் வந்திருந்தால் அது 180 தான். இரண்டையும் கலந்தால் தண்ணீர்க் கணக்கு தவறிவிடும். துவரம்பருப்பு முக்கால் கப், தண்ணீர் இரண்டேகால் கப், மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி எண்ணெய். ஹையில் 10 நிமிடம். எண்ணெய் நுரையை அடக்கும். நடுவில் கால் வைத்த தாங்கியை வைத்து, அதன்மேல் பாத்திரத்தில் அரை கப் பொன்னிப் புழுங்கலரிசிக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் ஊற்றினால் அதே 10 நிமிடத்தில் சோறும் ஆகிவிடும். ஊறவைக்காத பச்சைப்பயறு 10 முதல் 12 நிமிடம். எட்டு மணி நேரம் ஊறிய வெள்ளைக் கொண்டைக்கடலை 15 முதல் 18, கறுப்புக் கடலையும் கொள்ளும் 20 முதல் 25. பழைய சரக்காக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் கேட்கும். எல்லாவற்றுக்கும் ஆவி பத்து நிமிடமாவது தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வால்வைத் திறந்தால் பருப்பு நீர் மஞ்சளாக அலமாரிக் கதவு வரை தெறிக்கும்.

ராஜ்மாவை மட்டும் ‘ஸ்லோ குக்’ பொத்தானில் வைக்கக் கூடாது. வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். மெதுவான சூட்டில் தங்கிவிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில், பிரஷரில் வேகவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கப் கடலை ஊறவைத்து வேகவைத்தால் நான்கு டப்பாக்கள் நிறையும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, இரண்டை ஃப்ரிட்ஜிலும் இரண்டை ஃப்ரீசரிலும் வையுங்கள். ஃப்ரிட்ஜில் இருப்பதை மூன்று நான்கு நாளில் முடித்துவிட வேண்டும். டின்னில் வாங்கும் கடலையை விட இதில் பெரிய லாபம் உப்பு உங்கள் கையில் இருப்பது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் அப்பளமும் சேரும் தட்டில் அதை எட்ட நேரமே ஆகாது. தட்டைப் பிரிப்பதற்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் முறை எளிது: ஒன்பது அங்குலத் தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன், கால்பங்கு சோறு. சோற்றுக்குக் கால்பங்கு என்றால் நம்மவர்களுக்கு மனம் வராது. கடலை டப்பா தயாராக இருக்கும் வீட்டில் அது தானாக நடக்கும்.

காய்க்கு ‘0 நிமிடம்’ என்று ஒரு வழி இருக்கிறது. பீன்ஸ், கோஸ், பிராக்கொலி எதுவானாலும் நேரத்தை 0 என்று வைத்தால், ஆவி கட்டும் வரைக்குமான சூட்டிலேயே வெந்துவிடும். உடனே ஆவியை வெளியேற்ற வேண்டும். ஒரு நிமிடம் வைத்தாலும் கோஸ் கூழாகிறது. உறைந்த கீரையைப் பருப்போடு போட வேண்டாம். பருப்பு வெந்து மூடியைத் திறந்தபின் ‘சாட்டே’யில் (வதக்கும் பொத்தான்) போட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் நிறம் மாறாது.

இட்லி விஷயத்தில் இதன் உதவி பெரிது. பாஸ்டன், மினியாபொலிஸ் குளிரில் வெளியே வைத்த மாவு இரண்டு நாளானாலும் எழும்பாது. ‘யோகர்ட்’ பொத்தானை ‘நார்மல்’ நிலையில் அழுத்தி, 10 முதல் 12 மணி நேரம் வையுங்கள். மாவு பாதிப் பானைக்குக் கீழே இருக்கட்டும். மேலே கண்ணாடி மூடியோ ஒரு தட்டோ போதும். பிரஷர் மூடியைப் போட்டால், பொங்கிய மாவு சிறிய மிதவை வால்வில் ஏறிக் காய்ந்து, மூடி திறக்காமல் பிடித்துக்கொள்ளும். இட்லி அவிக்க ஒன்றரை கப் தண்ணீர், ‘ஸ்டீம்’, வால்வைத் திறந்தே வையுங்கள். வால்வு திறந்திருக்கும்போது இயந்திரத்தின் கடிகாரத்தை நம்ப முடியாது. ஆவி வந்த நேரத்திலிருந்து ஃபோனில் 12 நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் ஆறவிட்டு எடுங்கள்.

தாளிப்புக்கு இது சரிப்படாது. பானையின் அடி நடுவில் லேசாக மேடாக இருப்பதால் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் ஓரத்துக்கு ஓடிவிடும். நடுவில் கடுகு வெடிக்காமல் கருகும். வெடிக்கவைக்க எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போனால் ஆரோக்கியத்துக்கு வாங்கிய பானையே வேலையைக் கெடுக்கும். சின்னத் தாளிப்புக் கரண்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டுவதே மேல்.

திரையில் ‘பர்ன்’ என்று வந்தால் பதற வேண்டாம். அடியில் சூடு மிகுந்துவிட்டது என்று உணரி சொல்கிறது. வெங்காயம் தக்காளி வதக்கியது அடியில் ஒட்டியிருக்கும், அல்லது வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் ஆவியாகப் போயிருக்கும். ‘கேன்சல்’ அழுத்தி, ஆவி அடங்கியபின் மரக்கரண்டியால் அடியைச் சுரண்டி, அரை கப் தண்ணீர் சேர்த்து மறுபடி தொடங்குங்கள். தக்காளி விழுதைப் பருப்பின் மேலே போட்டுக் கலக்காமல் விட்டால் இந்தத் தொல்லை குறையும்.

சிலிகான் வளையம் பெருங்காய வாசனையை உறிஞ்சிக்கொண்டு விடவே விடாது. காரத்துக்கு ஒன்று, தயிருக்கும் பாயசத்துக்கும் ஒன்று என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வளையம் தளர்ந்தாலோ வெடிப்பு விட்டாலோ மூடி ஓரத்தில் ஆவி கசியும், அப்போது மாற்றுங்கள். பானைக்குள் நீலச் சாயல் தெரிந்தால் கொஞ்சம் வினிகர் ஊற்றித் துடைத்தால் போய்விடும்.

ஊருக்குத் திரும்பும்போது எடுத்துப் போகலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட் இயந்திரம். நம் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியே போய்விடும். 1000 வாட்ஸ் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர், பயணப் பெட்டியில் தூக்கிப்போகும் கனத்தில் இருக்காது. கிளம்பும்போது புதிதாக வேலைக்கு வந்திருப்பவர் யாருக்காவது, அந்த இரண்டாவது வளையத்தோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.