ஒரு காரின் அடியில் இன்னொரு காரின் சேஸி: ஆறு வருடம் கழித்து

அலமாரியில் மூன்று மஸில் கார்கள் நிற்கின்றன, 1960-70களின் வலுவான என்ஜின் வைத்த அமெரிக்கக் கார்களின் பிளாஸ்டிக் மாடல்கள். மூன்றிலும் மேல்கூடு (பாடி) ஒரு கிட்டில் இருந்து, அடிச்சட்டம் (சேஸி) வேறொரு கிட்டில் இருந்து; கிட் என்றால் ஒட்டிச் செய்வதற்கான உறுப்புகள் வரும் பெட்டி. முதலாவதைச் செய்து ஆறு வருடம் ஆகிறது, கடைசி கார் மூன்று வருடம் முன்பு முடிந்தது. முடித்த வாரத்தில் எடுத்த படங்களில் மூன்றும் பளபளவென்று நிற்கின்றன. இன்று தூக்கித் திருப்பிப் பார்த்தால்தான் எந்த வேலை நின்றது, எது பல்லிளித்தது என்று தெரிகிறது.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டால், காரணம் பழைய அச்சுகள். 1960களின் அச்சில் இருந்து இன்றும் வரும் பல கிட்களில் பாடியின் வளைவுகள் அருமையாக இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் ஒரே தட்டு. சைலன்சர், பட்டை (லீஃப் ஸ்பிரிங்), டிஃபரன்ஷியல் எல்லாம் அந்தத் தட்டிலேயே புடைப்பாக வார்த்திருக்கும். முன் ஆக்சில் ஒரு இரும்புக் கம்பி. அது போவதற்கு வழி வேண்டுமே, என்ஜின் வயிற்றிலேயே ஒரு ஓட்டை! பிற்காலத்து அச்சுகளில் இதெல்லாம் தனித்தனி உறுப்பாக வரும். அதை எடுத்து இதன் அடியில் வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

முதல் கார் 1970 டாட்ஜ் சேலஞ்சர். அடியில் போட்டது அதே வருடத்து பிளைமவுத் குடாவின் சேஸி. நிஜத்தில் இரண்டும் பங்காளிகள், கிறைஸ்லரின் ஈ-பாடி வகை. சேலஞ்சரின் வீல்பேஸ் (முன்சக்கர நடுவில் இருந்து பின்சக்கர நடு வரை உள்ள நீளம்) 110 அங்குலம், குடாவுக்கு 108. அப்படியென்றால் குடா சேஸியைக் கொஞ்சம் நீட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் பட்டை எல்லாம் வெட்டித் தயாராக வைத்திருந்தேன். பாடியின் மேல் வைத்துப் பார்த்தால் சேஸி நீளமாக இருக்கிறது! பெட்டியை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். சேலஞ்சர் 1/25, அதாவது நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு; குடா 1/24. சேலஞ்சரின் 110 அங்குலம் 1/25-இல் 111.8 மி.மீ. குடாவின் 108 அங்குலம் 1/24-இல் 114.3 மி.மீ. குட்டைக் கார் நெட்டைக் காரை இரண்டரை மில்லிமீட்டர் முந்திவிட்டது.

சரி, நீட்டுவதற்குப் பதில் வெட்டினேன். முன்சீட்டுக்குப் பின்னால், ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் மேடு நேராக ஓடும் இடம்தான் வெட்ட வசதி. நீளம் தீர்ந்ததும் அகலம் வந்து நின்றது. 4 சதவீத வித்தியாசம் கேட்கச் சின்னதுதான், ஆனால் இவ்வளவு அகலமான காரில் அது 3 மி.மீ. பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. உப்புத்தாளில் தேய்த்து, ஆக்சிலையும் குறைத்த பிறகுதான் சக்கரம் ஃபெண்டருக்குள் போனது. சக்கரங்களை மட்டும் சேலஞ்சர் கிட்டிலேயே எடுத்துக்கொண்டேன்.

வெட்டிய இடத்தை சூப்பர் க்ளூ வைத்து முட்டுக்கு முட்டு ஒட்டி, மேலே புட்டி பூசினேன். இந்தக் காரில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். இரண்டாம் வருடம் புட்டி சுருங்கி, பெயின்ட்டின் மேல் முடி போல ஒரு கோடு தெரிந்தது. நாலாம் வருடம் தூசி துடைக்கப் பின்பம்பரைப் பிடித்துத் தூக்கியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். கார் நடுவில் தொங்கியது. சூப்பர் க்ளூ இழுத்தால் தாங்கும், மடக்கினால் கண்ணாடி மாதிரி உடையும். பழுது பார்த்தபோது இரு பக்கத்திலும் துளையிட்டு இரண்டு பித்தளைக் கம்பிகளைக் குறுக்கே செருகினேன். மேல்பக்கம், உள்ளறைத் தட்டு (சீட்டுகள் உட்காரும் தட்டு) மறைக்கும் இடத்தில், 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து, பிளாஸ்டிக்கையே கரைத்துப் பிணைக்கும் திரவப் பசையால் ஒட்டினேன். இரண்டு வருடமாக அசையவில்லை.

இரண்டாவது 1969 டாட்ஜ் சார்ஜர், அடியில் பிளைமவுத் ரோட் ரன்னர். இரண்டும் 1/25. நிஜத்தில் 117 அங்குலமும் 116 அங்குலமும், ஆக இங்கே வித்தியாசம் வெறும் 1 மி.மீ. ரம்பத்தையே எடுக்கவில்லை. பட்டையின் மேல் பின் ஆக்சில் உட்காரும் குழியை 1 மி.மீ. பின்னுக்கு அராவினேன், முடிந்தது. மூன்றில் இன்றும் செய்தபடியே நிற்கும் சேஸி இதுதான். கெட்டது டயர். எங்கிருந்தோ எடுத்து மாட்டிய பழைய வினைல் டயர் அது. அதில் இருக்கும் மென்மையாக்கும் ரசாயனம் கசிந்து சக்கரத்தின் விளிம்பை வெண்ணெய் போல இளக்கிவிட்டது. கழற்றும்போது விளிம்பும் டயரோடு வந்தது. இப்போது எந்த வினைல் டயர் போட்டாலும் நடுவில் ஒரு சுற்று அலுமினியத் தாள் வைத்துவிடுகிறேன்.

மூன்றாவதில்தான் ரொம்பத் திமிராக இருந்தேன். 1968 பான்டியாக் ஜிடிஓ, அடியில் ஷெவர்லே ஷெவல். இரண்டு கதவு வைத்த இரண்டுக்கும் 112 அங்குலம்தான், 1/25-இல் 113.8 மி.மீ. காலிப்பரில் அளந்தால் அச்சுப் பிசகவில்லை. ஆனால் பாடியை மேலே வைத்ததும் கார் லாரி மாதிரி தூக்கி நின்றது. வீல்பேஸை மட்டும் பார்த்தேன், உயரத்தைப் பார்க்கவில்லை. ஷெவல் சேஸியில் ஃபிரேம் தனி, தளம் தனி. ஜிடிஓவின் உள்ளறைத் தட்டோ ஒரே தட்டின் மேல் உட்காருவதற்காக ஆழமாக வார்த்தது. இரண்டும் சேர்ந்து 2 மி.மீ. கூடிவிட்டது. தட்டின் அடியை விளக்கு வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்த்தேன். அப்படியும் அரை மி.மீ. மிச்சம். அதை டேப் போட்டு இறுக்கி, அழுத்தியே ஒட்டினேன். ஒரு வருடம் கழித்துக் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்த்தபோது இடது பின்சக்கரத்தின் அடியில் காகிதம் தாராளமாக நுழைந்தது. அழுத்தி ஒட்டிய பிளாஸ்டிக் மெல்ல மெல்ல முறுக்கிக்கொண்டிருக்கிறது.

என்ஜினும் சும்மா விடவில்லை. சேஸியில் இருந்த மவுன்ட் (என்ஜின் உட்காரும் தாங்கி) ஷெவர்லே என்ஜினுக்கானது, ஜிடிஓவுக்குள் இருக்க வேண்டியது பான்டியாக் 400. ஷெவர்லே என்ஜினையே வைத்துவிடலாம், பானெட்டை மூடினால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே. மவுன்ட்டை அறுத்துவிட்டு ஸ்ப்ரூ (கிட்டின் உறுப்புகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் புதிதாகச் செய்தேன்.

அளவு ஒன்றாக இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும்போது இதையும் பாருங்கள்: 1969 கமாரோ, 1969 மஸ்டாங், 1970 குடா மூன்றுக்கும் வீல்பேஸ் 108 அங்குலம்தான். ஆனால் மஸ்டாங்கின் முன் காயில் ஸ்பிரிங், சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு கைகளில் மேல் கைக்கு மேலே, தனிக் கோபுரத்துக்குள் நிற்கும். குடாவில் முன்னால் காயிலே கிடையாது, நீளவாக்கில் டார்ஷன் பார், முறுக்கிக்கொண்டே ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. கமாரோவில் முன்பாதிக்கு மட்டும் தனி சப்ஃபிரேம் (துணைச் சட்டம்). மாற்றிப் போட்டால் உட்காரும், கவிழ்த்துப் பார்க்கிறவர் சிரிப்பார்.

இப்போதெல்லாம் சக்கரங்களை மாட்டி, உள்ளறைத் தட்டையும் வைத்து, டேப்பில் கட்டி ஒரு நாள் முழுக்க அப்படியே மேசையில் விட்டுவிடுகிறேன். சக்கர வளைவின் நடுவில் இருந்து நடுவுக்குப் பாடியில்தான் அளக்கிறேன். சேஸியின் அளவு அதற்கு அப்புறம்.

ஜிடிஓவின் பின்சக்கரத்துக்கு அடியில் இரண்டாக மடித்த காகிதம் ஒன்று இருக்கிறது. காரைப் பிரித்துச் சரிசெய்யத் தைரியம் வரவில்லை. மேசையில் இப்போது இருப்பது 1968 நோவா, அடியில் கமாரோ. முன் சப்ஃபிரேம் நிஜத்திலேயே இரண்டுக்கும் பொது, வீல்பேஸ்தான் 111-க்கு 108. ஃபயர்வாலுக்கு (என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தடுப்பு) பின்னால் 3 மி.மீ. சேர்க்க வேண்டும். பித்தளைக் கம்பி வெட்டியாயிற்று, ரம்பத்தை இன்னும் தொடவில்லை. டேப்பில் கட்டி இன்றோடு மூன்று நாள்.