ஊடகப் பயிற்சிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்: எங்கள் நிறுவனம் ஏமாந்த விதம்

கோவைப் பகுதியில் வார்ப்பட உதிரிபாகங்கள் தயாரிக்கும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். விரிவாக்கத் திட்டம் பற்றி எங்கள் மேலாளர்கள் இருவர் ஒரே வாரத்தில் இரண்டு நாளிதழ்களுக்கு முரணான தகவல்களைச் சொல்லிவிட்டதால், நிருபர்களிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுத்தரும் ஊடகப் பயிற்சியை அனைவருக்கும் சேர்த்து அளிக்க நிர்வாகம் முடிவெடுத்தது. பயிற்சி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். ஆகவே என் தவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தொலைக்காட்சியில் நீண்ட அனுபவமுள்ள முன்னாள் செய்தி ஆசிரியர் ஒருவர் இரண்டு நாட்கள் நேரில் வருவார், ஒவ்வொருவரையும் கேமரா முன் மாதிரிப் பேட்டி எடுத்து, பதிவைப் போட்டுக் காட்டித் திருத்துவார், முடிவில் நிறுவனத்தின் நிலைப்பாடுகளை ஆவணமாகத் தருவார் என்று விலைப்புள்ளி கூறியது. கட்டணம் ₹2,40,000, 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து ₹2,83,200. அதில் முக்கால் பங்கை, அதாவது ₹2,12,400-ஐ, முன்பணமாகச் செலுத்தினோம்.

வந்தவர் செய்தி ஆசிரியர் அல்லர். கல்லூரி விழாக்களில் தன்னம்பிக்கை உரையாற்றுபவர். கேட்டபோது, 'சாருக்கு உடல்நிலை சரியில்லை' என்றார்கள். பயிற்சியில் இருந்தவர்கள் 34 பேர். ஒருவருக்குப் பத்து நிமிடப் பேட்டி, பத்து நிமிடத் திருத்தம் என்று வைத்தாலும் 680 நிமிடங்கள், அதாவது பதினொரு மணி நேரத்துக்கும் மேல் வேண்டும். உரைகளும் உணவு இடைவேளைகளும் போக இரண்டு நாட்களில் அவ்வளவு நேரம் கிடைக்காது என்ற எளிய கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. கேமரா முன் அமர்ந்தவர்கள் ஒன்பது பேர்தான்.

நேரம் வீணானதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் சொல்லிக்கொடுத்ததுதான் ஆபத்தானது. 'தெரியாது' என்ற சொல்லே வாயில் வரக்கூடாது, எந்தக் கேள்விக்கும் உடனே துணிந்து பதிலளிக்க வேண்டும் என்பதே அவருடைய பாடம். மாதிரிப் பேட்டி ஒன்றில் அடுத்த காலாண்டின் ஆர்டர் நிலவரத்தைக் கேட்டு, எங்கள் விற்பனை மேலாளரிடம் எண்களையே வரவழைத்துக் கைதட்டவும் வைத்தார். உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்கும் உள்வணிகத்தைத் தடுக்க, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கொண்டுவந்த 2015 ஒழுங்குமுறைகளின்படி, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய வெளியிடப்படாத தகவலை இப்படி உதிர்ப்பது நிறுவனத்தைச் சிக்கலில் மாட்டிவிடும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் பதினொரு தொழிலாளர்கள் இறந்த எண்ணெய்க் கிணறு விபத்துக்குப் பின், பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபியின் தலைமைச் செயல் அதிகாரி டோனி ஹேவர்ட் தம் பழைய வாழ்க்கை தமக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்க நேர்ந்ததை எடுத்துக்காட்டியிருந்தால், ஐந்தே நிமிடங்களில் எல்லோருக்கும் புரிந்திருக்கும். அவரோ கிரிக்கெட் வீரர்களின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு வந்த ஆவணத்தில், 'நோயாளிகளின் நலனே எங்கள் முதல் அக்கறை' என்ற வரி இருந்தது. ஏதோ மருத்துவமனைக்குச் செய்ததை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள்.

மூன்று வாரங்களில் எங்கள் வண்ணப்பூச்சுப் பிரிவில் சிறிய தீ விபத்து நேர்ந்தது, யாருக்கும் காயமில்லை. முன்பெல்லாம் 'தலைமை அலுவலகத்தில் கேளுங்கள்' என்று ஒதுங்கிவிடும் எங்கள் ஆட்கள், பயிற்சி தந்த துணிவில் நிருபர்களிடம் பேசினார்கள். ஆலை மேலாளர் மின்கசிவு என்றார், பராமரிப்புப் பொறியாளர் கரைப்பான் ஆவியில் தீப்பிடித்தது என்றார், பாதுகாப்பு அதிகாரி விசாரணையே முடிந்துவிட்டது என்றார். எதைத் தடுக்கப் பணம் கொடுத்தோமோ அதுவே மும்மடங்காக நடந்தது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, 'தொடங்கிய சேவைக்குப் பணம் திருப்பித் தரப்படாது' என்ற ஒப்பந்த வரியைக் காட்டினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவையை விலக்கிவிடுவதால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதும் எளிதல்ல என்றார் எங்கள் வழக்கறிஞர். ஆகவே பயிற்சியாளரின் பெயர், ஒரு குழுவுக்கு எட்டுப் பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு, ஆள் மாறினால் பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனை ஆகிய மூன்றையும் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதை அதற்கும் முன்னதாக உங்கள் நிர்வாகமே தீர்மானித்திருக்க வேண்டும்.

பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் விற்பனை மேலாளர் ஆர்டர் எண்களைச் சொல்லும் அந்தக் காட்சி, அவர்களுடைய விளம்பரக் காணொளியில் இடம்பெற்றிருந்தது. வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பிறகே அதை நீக்கினார்கள். மீதிக் கட்டணம் ₹70,800-ஐக் கேட்டு இன்னமும் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.