பிணவறை வாசலிலேயே வந்து நிற்பார்கள், கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

அத்தான் லாரி மோதி இறந்து ஒரு பகல்கூட ஆகவில்லை, போஸ்ட்மார்ட்டம் முடியட்டும் என்று வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம், அப்போதே ஒருவர் வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கே கிடைக்காத எஃப்ஐஆர் நகல் அவர் கையில் இருந்தது. "வக்கீல் சார் பாத்துக்குவாரும்மா, ஒரு ரூபா செலவில்ல, வர்ற நஷ்டஈட்டுப் பணத்துல முப்பது பர்சன்ட் குடுத்தா போதும், இன்னிக்கே கையெழுத்துப் போடலன்னா கேஸ் நிக்காது" என்றார். அக்கா ஆறு தாளில் போட்டாள். ஒன்று வக்காலத்து, அதாவது நமக்காக வாதாட வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரம், மற்றதெல்லாம் வெற்றுத்தாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், தடுக்கத் தோன்றவில்லை.

"இன்னிக்கே" என்றது பச்சைப் பொய். 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள சட்டப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் விபத்து நஷ்டஈட்டுக்கான தீர்ப்பாயத்தில் மனு போட்டால் போதும், அதுவும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். காரியம் முடிந்து நிதானமாக வக்கீல் தேடியிருக்கலாம். அப்புறம் அந்த முப்பது சதவீதம்: கிடைக்கும் பணத்தில் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசுவதற்கே வக்கீல்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சில் விதியில் தடை இருக்கிறது.

ஒன்றரை வருடம் கழித்து இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஜட்ஜ் கேட்டால் சம்மதம் என்று மட்டும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடம் இழுக்கும் என்று வழியெல்லாம் பயமுறுத்தினார்கள். 14 லட்சத்துக்கு முடிந்தது. பிள்ளைகள் பங்கு வங்கியில் டெபாசிட் ஆகிவிட்டது, அதைத் தொட முடியாது என்பதால் 4 லட்சத்து 20 ஆயிரத்தையும் அக்கா பங்கிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள், முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருந்த காசோலையை வைத்து.

பிறகுதான் வேறொரு வக்கீலிடம் மனு நகலைக் காட்டினோம். அத்தானுக்கு 38 வயது, சொந்த லேத் பட்டறை, மாதம் 20,000 வருமானத்துக்கு வருமான வரிக் கணக்கே இருந்தது. மனுவில் 9,000 என்று எழுதியிருக்கிறார்கள், கணக்கைத் தாக்கல் செய்யவே இல்லை. உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி அவர் தாளில் போட்டுக் காட்டினார்: 20,000-த்தோடு எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம், 28,000. அக்கா, இரண்டு பிள்ளைகள், அத்தானின் அம்மா என்று நம்பியிருந்தவர்கள் நான்கு பேர், அதனால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 21,000. வருடத்துக்கு 2,52,000. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 15. மொத்தம் 37 லட்சத்து 80 ஆயிரம், இதற்கு மேல் இறுதிச் சடங்குச் செலவு மாதிரியானவை தனி. அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பாயத்தின் தீர்ப்பு என்றால் 90 நாளில் உயர் நீதிமன்றம் போகலாம். மக்கள் நீதிமன்றத்தில் சம்மதித்து முடித்ததற்கு மேல்முறையீடே கிடையாது. சமரசம் தப்பு என்று சொல்லவில்லை, நியாயமான தொகைக்கு முடித்தால் நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன கணக்கை நீங்களே ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு சாவு விழுந்தால், வெற்றுத்தாளிலும் காசோலையிலும் யார் கேட்டாலும் கையெழுத்து வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். இதை அன்றைக்கு அந்த மரத்தடியில் எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.