அறுந்த பெல்ட்டும் ஆடுகிற ஐட்லரும்: பழைய கார்டன் டிராக்டரில் அராமிட் பெல்ட்

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். பெல்ட் நல்ல பெல்ட்தான். ஒன்றைக் குறைத்தது, உறையின் மேல் கொட்டை எழுத்தில் ‘எல்லா மோவர் டெக்குக்கும் பொருந்தும்’ என்று போட்டிருப்பதற்காக. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெல்ட் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. அதை நம்பி வாங்கி மாட்டிவிட்டு, நாலு தடவை புல் வெட்டுவதற்குள் அறுந்துவிட்டது என்று திட்டித் தீர்ப்பவர்கள் நிறையப் பேர். அறுந்தது பெல்ட், ஆனால் அறுத்தது யார் என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வண்டி. பழைய கார்டன் டிராக்டர். அடியில் புல் வெட்டும் பிளேடுகளைத் தாங்கும் தட்டுதான் டெக். எஞ்சின் ஷாஃப்ட் படுக்கை வாட்டத்தில் இருக்கும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் போலச் செங்குத்தாக இல்லை. அதனால் எஞ்சின் புல்லி நிற்கிறது, டெக் புல்லிகள் படுத்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ‘மியூல் டிரைவ்’ என்று இரண்டு புல்லி வைத்த ஒரு பிராக்கெட். பெல்ட் அதன் வழியாக 90 டிகிரி திரும்பி டெக்குக்குப் போகும். டெக் 42 அங்குலம், மூன்று பிளேடு, ஒவ்வொரு பிளேடின் அச்சுக்கும் (ஸ்பிண்டில்) ஒரு புல்லி. பெல்ட்டின் முதுகை அழுத்தத் தட்டையான ஐட்லர் புல்லி ஒன்று, அதைத் தாங்க ஆர்ம் என்கிற ஒரு கை, அதை இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். பிளேடு ஓட வேண்டுமானால் லிவரைத் தள்ள வேண்டும். லிவர் ஐட்லரை விடுவிக்கும், ஐட்லர் பெல்ட்டை இறுக்கும். ஸ்விட்சைத் தட்டினால் பிளேடை ஓட்டுகிற எலக்ட்ரிக் கிளட்ச் எல்லாம் இல்லை. எந்த பெல்ட் வாங்குவது என்பதை இந்தக் கடைசி விஷயம்தான் முடிவு செய்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் வாங்கியது அரை அங்குல அகலம், உள்ளே அராமிட் கயிறு, வெளியே துணி சுற்றிய ரகம். குண்டு துளைக்காத அங்கிக்குப் போடுகிறார்களே, அந்த நார் இனம்தான் அராமிட். கெவ்லர் என்பது அதில் ஒரு பிராண்டு. சாதாரண பெல்ட்டில் பாலியெஸ்டர் கயிறு இருக்கும். அது மோசம் என்று சொல்ல மாட்டேன், ஃபேனுக்கும் பம்ப்புக்கும் அருமையாக ஓடும். மோவர் டெக்கில் சூடு அதிகம், அடியும் அதிகம். பிளேடு ஒரு வேரில் மோதினால் அந்த அதிர்ச்சி முழுக்க பெல்ட்டுக்குத்தான் வரும். பாலியெஸ்டர் மெல்ல நீளும். நீள நீள ஐட்லர் ஆர்ம் அதன் கடைசி எல்லைக்குப் போய் நின்றுவிடும், அதற்கு மேல் இறுக்க ஸ்பிரிங்குக்கு இடமில்லை. அப்புறம் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் எரியும். அராமிட் போட்ட அன்று ஆர்ம் நின்ற இடத்தில் டெக் மேல் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தேன். சீசன் முடிந்தபோதும் ஆர்ம் அந்தக் கோட்டை விட்டுப் பெரிதாக நகரவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

இனி அறுந்த கதை. இதற்கு முன்பு வண்டியில் இருந்தது ஒரு பொதுப் பயன்பாட்டு பெல்ட். அது அறுவதற்கு முன்பு திரும்பத் திரும்பப் புரண்டுகொண்டது. வி வடிவம் தலைகீழாகி, முதுகு புல்லிக்குள் உட்கார்ந்து ஓடும். லிவரை எடுத்து, கையால் திருப்பிச் சரியாக உட்கார வைத்தால் கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி புரளும். என் மச்சினன் வந்து பார்த்துவிட்டு, “அத்தான், இது சோதா பெல்ட். கனமா ஒண்ணு வாங்கிப் போடுங்க, அதுபாட்டுக்கு ஓடும்” என்றான். “கனமா போட்டா பெல்ட் அறாது மாப்ள, அதுக்குப் பதிலா பேரிங் போகும்” என்றேன். அவனுக்கு நம்பிக்கை இல்லை. சரி என்று அறுந்த பெல்ட்டைத் தரையில் விரித்து வைத்து இரண்டு பேருமாகப் பார்த்தோம்.

அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதில் எல்லாம் எழுதியிருக்கும். எங்கள் பெல்ட்டில் ஒரு பக்க விளிம்பு முழுக்கப் பிய்ந்து, கயிறு நூல் நூலாகத் தொங்கியது. எதிர்ப் பக்கத்துத் துணி அப்படியே புதிதாக இருந்தது. பெல்ட்டே மட்டமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஏதோ ஒரு புல்லி சாய்ந்து நிற்கிறது.

எது என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. தட்டை ஐட்லரின் முகத்தைப் பார்த்தால் பெல்ட் ஓடிய தடம் பளபளவென்று தெரியும். அந்தத் தடம் நடுவில் இருக்க வேண்டும். எங்கள் ஐட்லரில் அது கீழ் ஓரத்தை ஒட்டி இருந்தது, ஓர விளிம்பின் உள்பக்கம் கத்தி போலத் தேய்ந்திருந்தது. புல்லியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். பேரிங்கில் லேசான ஆட்டம்தான். ஆனால் ஆர்மே அதன் அச்சில் லொடலொடவென்று ஆடியது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே போல்ட்டைச் சுற்றி இருந்த புஷ் என்கிற குழாய் வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. லிவர் தளர்ந்திருக்கும்போது ஐட்லர் நேராக இருக்கிறது. ஸ்பிரிங் இழுத்ததும் ஆர்ம் சாய்கிறது, ஐட்லரும் சாய்கிறது, பெல்ட் ஓரத்துக்கு ஏறி விளிம்பில் அறுபட்டு, கடைசியில் புரள்கிறது. இந்த நிலையில் எந்தக் கம்பெனி பெல்ட்டைப் போட்டாலும் கதி அதுதான். மச்சினன் புஷ்ஷை வாங்கி விரலில் போட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சரி, புரியுது” என்றான். அவன் வாயிலிருந்து அது வருவதே பெரிய விஷயம்.

புஷ்ஷைப் புதிதாகக் கடைந்து போட்டோம். ஐட்லர் பேரிங் 6203, இரண்டு பக்கமும் ரப்பர் சீல். உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர். இந்த அளவு பேரிங் எங்கேயும் கிடைக்கும், அதைப் பார்த்துச் சும்மா விடாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்கையும் மாற்றினோம். கழற்றிக் கீழே வைத்தபோது சுருள்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. டெம்பர் போன ஸ்பிரிங் அப்படித்தான் இருக்கும். நல்ல இழுவை ஸ்பிரிங் என்றால் சும்மா கிடக்கும்போது சுருளோடு சுருள் ஒட்டியிருக்கும்.

மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டு இரண்டும் கண்ணாடி போல மினுமினுத்தால் இறுக்கம் போதவில்லை, வழுக்குகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கருகிக் குழி விழுந்திருந்தால் ஏதோ ஸ்பிண்டில் ஜாமாகி, எஞ்சின் புல்லி மட்டும் அந்த இடத்தில் உராய்ந்து சுற்றியிருக்கிறது. பெல்ட் இல்லாமல் ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் கையால் சுற்றிப் பாருங்கள். சுத்தமாக ஒரே வெட்டில் அறுந்திருந்தால் கல்லிலோ கட்டையிலோ மோதிய அடி. அடிப்பக்கம் குறுக்கே வெடிப்பு வெடிப்பாக இருந்தால் வயசும் சூடும். ரப்பர் உப்பி மெத்தென்று இருந்தால் எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது, அதை முதலில் பாருங்கள். கையை உள்ளே விடுவதற்கு முன்னால் சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். இதில் சோம்பல் வேண்டாம்.

மியூல் டிரைவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் பழைய வண்டியில் பாதித் தலைவலி அங்கேதான். எஞ்சின் புல்லியின் காடியிலிருந்து மியூல் புல்லியின் காடிக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் காடிக்குள் நேராக இறங்க வேண்டும், சுவரில் உரசக் கூடாது. பார்க்கும்போது டெக் புல் வெட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். தூக்கி வைத்துப் பார்த்தால் கோணம் எல்லாம் மாறிவிடும். டெக்கைத் தூக்கிய நிலையில் பிளேடை ஓட விட்டால் பெல்ட் குதித்து வெளியே வருவதும் இதனால்தான். அப்புறம், புல்லிகளைச் சுற்றிக் கம்பி மாதிரி பெல்ட் கார்டு இருக்கும். பெல்ட் இறுகி நிற்கும்போது அதற்கும் கார்டுக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதிகமானால் பெல்ட் தப்பிக்கும், ஒட்டினால் முதுகு தேயும்.

அளவு விஷயத்தில் ஒரு வயிற்றெரிச்சல். பெயர் சொல்ல விரும்பாத ஒரு விற்பனையாளரிடம் 4எல்-900 கேட்டேன். ஏ-90 அனுப்பி வைத்தார். கேட்டால், “ரெண்டுலயும் 90 தானே சார் இருக்கு, ஒண்ணுதான்” என்கிறார். ஒன்றில்லை. 4எல் வரிசையில் 900 என்றால் வெளிச்சுற்று 90 அங்குலம். ஏ வரிசையில் 90 என்பது உள்சுற்று. வெளியே அளந்தால் சுமார் 92 வரும். அகலம் இரண்டுக்கும் அரை அங்குலம்தான், அதனால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டு அங்குலம் கூடினால் ஐட்லர் ஆர்ம் முதல் நாளே எல்லையில் போய் நிற்கும். 4எல்-900க்கு மாற்று வேண்டுமானால் ஏ-88 பக்கம் பார்க்க வேண்டும். வண்டியின் பார்ட் நம்பர் இருந்தால் அதை வைத்து அளவை உறுதி செய்துகொள்வது உத்தமம். பழைய நீண்டுபோன பெல்ட்டை அளந்து வாங்குவதில் பலனில்லை.

இப்போது லிவர் சமாச்சாரம். பக்கத்தில் துணி இல்லாமல், அடியில் பல் வைத்த பெல்ட்டும் கிடைக்கிறது. சின்னப் புல்லியில் நன்றாக வளையும், சூடும் குறைவு. எலக்ட்ரிக் கிளட்ச் வண்டியில், பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும் இடத்தில் தாராளமாகப் போடலாம். என் மாதிரி வண்டியில் பெல்ட்டேதான் கிளட்ச். லிவரைத் தள்ளும்போது அது கொஞ்ச நேரம் வழுக்கித்தான் பிடிக்க வேண்டும். வெறும் ரப்பர் சுவர் சட்டென்று கவ்வும், எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கித் திணறும். துணி சுற்றிய பெல்ட் மெதுவாகப் பிடிக்கிறது. த்ராட்டிலைக் குறைத்து வைத்து, லிவரை நிதானமாகத் தள்ளி, பிளேடு சுற்ற ஆரம்பித்த பிறகு வேகம் கொடுத்தால் சத்தமே இல்லை.

குறை என்று பார்த்தால் பேக்கிங். முதலில் வந்த பெல்ட்டைச் சின்னச் சுருளாக மடக்கி, பிளாஸ்டிக் டேகால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பிரித்தால் ஓரிடத்தில் முழங்கை மாதிரி மடிப்பு. அராமிட் இழுவையைத் தாங்கும், கூர்மையான மடிப்பைத் தாங்காது. கயிறு உள்ளேயே நொறுங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. திருப்பி அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் வேறு அனுப்பினார்கள், அது தளர்வாகச் சுற்றி வந்தது. மாட்டும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். இது நீளாத பெல்ட், அதனால் கடைசிப் புல்லியில் ஏற மறுக்கும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி ஏற்றினால் புதுப் பெல்ட்டை மாட்டும்போதே கொன்றாயிற்று. கார்டைக் கழற்றுங்கள், ஐட்லரை முழுக்கத் தளர்த்துங்கள், அதுவும் போதாதென்றால் ஐட்லர் போல்ட்டையே எடுத்துவிடுங்கள். பத்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. எஞ்சின் புல்லியின் காடி அடியில் பளபளப்பு தெரிகிறது. வி-பெல்ட் பக்கச் சுவரில்தான் பிடிக்க வேண்டும். அடியைத் தொடுகிறது என்றால் காடி அகன்றுவிட்டது. புதுப் புல்லி ஆர்டர் போட்டிருக்கிறேன், பெல்ட் இதேதான் தொடரும். உதிரிக்கு இன்னொன்றும் வாங்கினேன். அதை ஆணியில் மாட்டவில்லை. பெரிய வளையமாகச் சுற்றி, வெயில் படாத அலமாரியில் படுக்க வைத்திருக்கிறேன். ஆணியில் மாதக்கணக்கில் தொங்கினால் ஆணி பட்ட இடத்தில் மடிப்பு விழும்.