சுற்றுச்சூழல் தலைமைப் பயிற்சி: முதல் நாளைத் தாண்டிவிட்டால் நல்ல வகுப்பு

எங்கள் அலுவலகத்தில் கட்டடப் பராமரிப்பு என் பொறுப்பு. இந்த இரண்டு நாள் பயிற்சிக்கு மேலாளர்தான் போயிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் என்னைத் தள்ளிவிட்டார். நடத்திய நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

முதல் நாள் முழுக்க ஸ்லைடுதான். நீடித்த வளர்ச்சி பற்றிய 1987 புருண்ட்லாண்ட் அறிக்கை, சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001 தரநிலை என்று ஓடியது. ஏசியை 18-ல் வைத்து நடுங்க விட்டார்கள். மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். கேட்டால், "அது ஹால்காரர் ஏற்பாடு சார்" என்றார்கள். ரே ஆண்டர்சன் கதை ஒன்றுதான் தூக்கத்தைக் கலைத்தது. பெட்ரோலியத்தை நம்பித் தரைவிரிப்பு செய்த இன்டர்ஃபேஸ் நிறுவனத்தை, 1994-ல் அதன் நிறுவனரான ஆண்டர்சனே முன்னால் நின்று சுற்றுச்சூழலைக் காக்கும் பாதைக்குத் திருப்பினார். எங்கள் மேலாளர் கேட்டிருக்க வேண்டிய கதை.

இரண்டாம் நாள்தான் காசுக்கு மதிப்பு. அவரவர் அலுவலக பில்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவற்றை வைத்து, பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் எங்கள் அலுவலகத்தால் எவ்வளவு வெளியேறுகின்றன என்று 'ஸ்கோப்' என்ற மூன்று வகையாகப் பிரித்தோம். நாமே நேரடியாக வெளிவிடும் ஜெனரேட்டர் டீசல் புகையும் ஏசியில் கசியும் கேஸும் ஸ்கோப் 1. கரண்ட் பில் ஸ்கோப் 2. வாங்கும் பொருள், பயணம், குப்பை எல்லாம் ஸ்கோப் 3. (ஹால்காரரின் பாட்டிலும் இதில்தான் வரும். பயிற்சியாளர் சிரித்தே சமாளித்தார்.)

டீசல்தான் எங்கள் பெரிய பாவம் என்று நினைத்திருந்தேன். பயிற்சியாளரோ ஏசி சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டு வாங்கினார். ஒரு வருடத்தில் ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் கேஸ் 6 கிலோ டாப்-அப் செய்திருக்கிறோம். அந்த கேஸ் ஒரு கிலோ வெளியே போனால் சுமார் 2.09 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாம். ஆறு கிலோவுக்குப் பன்னிரண்டரை டன்! ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ என்று போட்டுப் பார்த்தால், 4,600 லிட்டர் எரித்த கணக்கு. நாங்கள் வருடத்துக்கு 900 லிட்டர்கூடப் போடுவதில்லை. அந்த ரசீதுகளில் எல்லாம் கையெழுத்து என்னுடையது.

திரும்பி வந்ததும் மெக்கானிக்கிடம், "கசிவைக் கண்டுபிடிக்காமல் இனி கேஸ் ஏற்றாதீர்கள்" என்றேன். சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் மாடியில் ஒரு குழாய் இணைப்பு குமிழி விட்டது. பழைய குழாய்களை மொத்தமாக மாற்றும் செலவுக்கு மேலாளர் ஒப்ப வேண்டும். கோப்பு இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது.

போகிறவர்கள் பில்களோடு உங்கள் மேலாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழை லேமினேட் செய்துதான் தருகிறார்கள்.