என்சைம் சேர்த்த கொத்தவரைப் பிண்ணாக்கு: பிராய்லர் பண்ணையாளர்கள் கவனத்திற்கு

சோயா பிண்ணாக்குக்கு முழு மாற்று என்று சொல்லி ஒரு தீவன வியாபாரி என் தலையில் கட்டிய கொத்தவரைப் பிண்ணாக்கால் ஒரு தொகுதிக் குஞ்சுகளின் வளர்ச்சியே கெட்டுப்போனது. சொந்தமாகத் தீவனம் அரைத்துக் கலப்பவர்கள் இதே வலையில் விழக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

மூட்டையில் ‘கொர்மா, புரதம் 50 சதவீதம், மல்டி என்சைம் சேர்த்தது’ என்று அச்சிட்டிருந்தது. கொர்மா என்பது கொத்தவரைப் பிண்ணாக்கில் ஒரு வகை. முதல் வாரத்திலிருந்தே சோயாவை அறவே நிறுத்திவிடலாம் என்றும், செரிமானத்துக்கு உதவும் நொதியான என்சைம் இருப்பதால் எண்ணெயையும் குறைத்துக்கொள்ளலாம் என்றும் வியாபாரி அடித்துச் சொன்னார். சில நாட்களிலேயே குஞ்சுகளின் எச்சம் கோந்துபோல இழுபடத் தொடங்கியது. அது பின்புற இறகுகளில் ஒட்டிக் காய்ந்துவிட்டதால், ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து வெதுவெதுப்பான நீரில் நனைத்துத்தான் எடுக்க முடிந்தது. கூளம் ஈரமாகிக் கட்டி தட்டியது, பாதங்களில் புண் வந்தது, எடை ஏறவில்லை. கால்நடை மருத்துவர் இறந்த குஞ்சுகளை அறுத்துப் பார்த்துவிட்டு, நோய்த்தொற்றுக்கான அறிகுறி இல்லை, தீவனத்தைப் பாருங்கள் என்றார்.

கொத்தவரை விதையிலிருந்து கோந்தைப் பிரித்தபின் எஞ்சும் பிண்ணாக்கிலும் காலக்டோமன்னன் என்னும் அந்தக் கோந்துப் பொருள் ஓரளவு தங்கிவிடுகிறது. அது குடலில் உள்ளதைக் கெட்டியாக்கி, சத்து செரிப்பதையும் உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. இளங்குஞ்சுகளுக்கு இந்தப் பாதிப்பு மிகுதி. வறுத்த சரக்கு, ஆகவே பாதுகாப்பானது என்று வியாபாரி சொன்ன சமாதானம் இங்கே செல்லாது. வறுத்தால் கோந்து போய்விடாது. அதை உடைப்பது மன்னனேஸ் என்னும் என்சைம். நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கிய விவரத்தாளில் புரோட்டியேஸ், அமைலேஸ், சைலனேஸ் ஆகியவை இருந்தன, மன்னனேஸ் இல்லை. இருந்தவற்றுக்கும் எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் காட்டும் செயல்திறன் அலகு குறிக்கப்படவில்லை. அலகு எழுதாத என்சைமுக்குப் பணம் கொடுப்பது, கொழுப்பு அளவு சொல்லாத பாலுக்குக் கொடுப்பதைவிட மோசம்.

வந்த சரக்கும் கொர்மாவாக இல்லை என்றே கருதுகிறேன். கொர்மா விதையின் முளைப்பகுதியிலிருந்து வருவது, புரதம் கூடியது. இதில் கோந்து மிகுந்த தோல் பகுதி கண்ணுக்கே தெரிந்தது. நல்ல முளைப்பகுதியைக்கூடக் குஞ்சுத் தீவனத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தோடும், தோல் பகுதியை 2.5 சதவீதத்தோடும் நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. மேலும், புரதச் சதவீதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிச் சொல்லும் எண். லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்கள் எவ்வளவு என்பது அதில் தெரியாது. கொத்தவரையில் லைசின் சோயாவைவிடக் குறைவு என்பதால், சோயாவை எடுத்த இடத்தில் அமினோ அமிலக் கணக்கை மறுபடி போட்டாக வேண்டும். அதைப் பற்றி வியாபாரி வாயே திறக்கவில்லை.

குருணையாகவோ பெல்லட்டாகவோ தீவனம் தயாரிப்பவர்கள், என்சைம் வெப்பத்தைத் தாங்குமா என்றும் கேட்க வேண்டும். பாதுகாப்புப் பூச்சில்லாத என்சைம்கள் பல, பெல்லட் இயந்திரத்தின் நீராவி வெப்பம் 80 பாகை செல்சியஸைத் தாண்டும்போது செயலிழந்துவிடும்.

புகார் சொன்னபோது, உங்கள் கொட்டகைப் பராமரிப்பு சரியில்லை என்ற பதில்தான் வந்தது. மீதி மூட்டைகளையும் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். ரசீதில் ‘புரதத் தீவனம்’ என்று மட்டும் எழுதியிருந்ததும், மூட்டைகளில் தொகுதி எண் இல்லாததும் அவருக்கு வசதியாகிவிட்டன. சரக்கின் பெயர், எந்தப் பகுதி, என்சைமின் பெயர், அலகு, தொகுதி எண் ஆகிய அனைத்தையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு கிலோ மாதிரியை இருவரும் கையெழுத்திட்டு முத்திரையிட்டு, கோழிகள் விற்றுத் தீரும்வரை வைத்திருங்கள்.